நரம்புப் பெப்டைடு ஏற்பிகள் மூளைக்கு வெளியே எங்கெங்கே இருக்கின்றன?

1931-ஆம் ஆண்டு இலண்டனில் ஹென்றி டேலின் ஆய்வகத்தில் உல்ஃப் வான் ஆய்லர், ஜான் கேடம் என்னும் இருவர் குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் சாறு எடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சாற்றில் இருந்த ஏதோ ஒரு பொருள் முயலின் இரத்த அழுத்தத்தைக் குறைத்தது. உடலிலிருந்து பிரித்து வைத்த முயல் குடல் துண்டைச் சுருங்கவும் வைத்தது. பின்னாளில் சப்ஸ்டன்ஸ் பி என்று பெயர் பெற்ற அந்தப் பொருள் 11 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு பெப்டைடு என்பது தெரிய 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் நமக்கு வேண்டிய செய்தி 1931-லேயே கிடைத்துவிட்டது: ஒரே பொருள் மூளையிலும் இருக்கிறது, குடலிலும் இருக்கிறது, அதுவே ஓரிடத்தில் தளர்வையும் இன்னோரிடத்தில் சுருக்கத்தையும் உண்டாக்குகிறது. இந்த முரண்பாட்டுக்கு விடை அந்தப் பொருளுக்குள் இல்லை. அதை ஏற்றுக்கொள்ளும் ஏற்பி எந்தச் செல்லின் மேல் அமர்ந்திருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

நரம்புப் பெப்டைடு என்பது நரம்புச் செல்கள் தயாரித்து வெளியிடும் சிறு புரதத் துணுக்கு. மூன்று அமினோ அமிலங்களே உள்ளவையும் உண்டு, நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் உள்ளவையும் உண்டு. அசிட்டைல்கோலின் போன்ற சிறு மூலக்கூறுகள் நரம்பு முனையிலேயே தயாராகி, வேலை முடிந்ததும் பெரும்பாலும் அங்கேயே மறுபயன்பாட்டுக்கு வந்துவிடும். பெப்டைடுகளுக்கு அந்த வசதி கிடையாது. அவை நரம்புச் செல்லின் உடற்பகுதியில் பெரிய புரதமாக உருவாகி, வெட்டப்பட்டு, அடர்த்தியான பைகளில் அடைக்கப்பட்டு, நரம்பிழை நெடுகப் பயணம் செய்து முனையை அடைய வேண்டும். நரம்பு அடிக்கடி, வலுவாகத் தூண்டப்படும்போதுதான் அந்தப் பைகள் பெருமளவில் திறக்கின்றன. வெளிவந்த பெப்டைடு மீண்டும் உள்ளே இழுக்கப்படுவதில்லை. நெப்ரிலைசின் போன்ற நொதிகள் அதை வெட்டிச் சிதைக்கும் வரை திசுவுக்குள் கொஞ்ச தூரம் பரவிச் செல்கிறது. ஆகவே நரம்பு முனை இருக்கும் இடமும் ஏற்பி இருக்கும் இடமும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டியதில்லை. நரம்புகளின் வரைபடத்தை மட்டும் பார்த்து ஒரு பெப்டைடின் வேலையை ஊகிக்க முடியாததற்கு இது முதல் காரணம்.

இனி ஏற்பியைப் பார்ப்போம். நரம்புப் பெப்டைடு ஏற்பிகளில் மிகப் பெரும்பாலானவை, செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி மடங்கிக் கிடக்கும் புரதங்கள். வெளிப்புறத்தில் பெப்டைடு வந்து பொருந்தியதும் உட்புறத்தில் ஜி புரதம் என்னும் இன்னொரு புரதத்தை அது விழிப்பூட்டுகிறது. ஜி புரதத்தில் பல வகைகள் உண்டு. ஒரு வகை செல்லுக்குள் கால்சியத்தை உயர்த்தும். இன்னொன்று சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் உள்தூதுவரைப் பெருக்கும். மற்றொன்று அதைக் குறைத்துச் செல்லை அடக்கிவைக்கும். இவ்வளவோடு வேலை முடிந்துவிடாது. கால்சியம் உயர்வது தசைச் செல்லுக்குச் சுருக்கம். சுரப்பிச் செல்லுக்கு அதுவே சுரப்பு. இரத்தக்குழாயின் உட்பூச்சாக அமைந்த எண்டோதீலியச் செல்லுக்கு அது நைட்ரிக் ஆக்சைடு வாயுவைத் தயாரிக்கும் கட்டளை. ஏற்பி ஒன்றே, உள்ளே நடக்கும் தொடக்க வினையும் ஒன்றே; அந்தச் செல் எதற்காகப் பழகிய செல் என்பதைப் பொறுத்து விளைவு மாறிவிடுகிறது.

சப்ஸ்டன்ஸ் பி இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு என்பதால் அதோடு சற்று நேரம் இருப்போம். அதன் முதன்மை ஏற்பியின் பெயர் என்.கே.1. இரத்தக்குழாயின் எண்டோதீலியத்தில் இந்த ஏற்பி இருக்கிறது. அங்கே சப்ஸ்டன்ஸ் பி பொருந்தும்போது உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு, அடுத்த அடுக்கில் இருக்கும் மென்தசைக்குள் கசிந்து அதைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது. முயலின் இரத்த அழுத்தம் குறைந்ததற்கான விளக்கம் இதுவே. குடற்சுவரிலோ, ஏற்பிகள் தசையைச் சுருக்கும் நரம்புச் செல்களிலும் தசை இயக்கத்தோடு நேரடியாகத் தொடர்புடைய செல்களிலும் இருப்பதால் குடல் சுருங்குகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த என்.கே.2 என்னும் ஏற்பி மூச்சுக்குழல், குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் மென்தசைகளில் நேரடியாகவே அமர்ந்திருக்கிறது. மனித மூச்சுக்குழல் இந்தக் குடும்பத்துப் பெப்டைடுகளால் சுருங்குவதற்கு முதன்மைக் காரணம் அந்த ஏற்பியே. என்.கே.3 பெரும்பாலும் நரம்புச் செல்களின் ஏற்பி; மூளைக்கு வெளியே அதைத் தேடினால் குடற்சுவரின் நரம்புப் பின்னலில் கிடைக்கும்.

தோலில் சப்ஸ்டன்ஸ் பி இன்னொரு வாசலையும் பயன்படுத்துகிறது. தோலைக் கூர்மையான பொருளால் அழுத்திக் கீறினால், கீறிய கோடு சிவக்கும். பிறகு அதைச் சுற்றி அகலமாக ஒரு செம்மை பரவும். கோட்டின் மேலே தோல் தடித்து எழும். தாமஸ் லூயிஸ் 1920-களில் விவரித்த இந்த மூன்று படிகளில், சுற்றிப் பரவும் செம்மை நரம்புகளின் வேலை. வலியை உணரும் நரம்பிழையின் ஒரு கிளையில் எழுந்த துடிப்பு, தண்டுவடத்துக்குச் செல்லும் வழியிலேயே பக்கத்துக் கிளைகளுக்குள்ளும் திரும்பி ஓடி, அந்த முனைகளிலிருந்து பெப்டைடுகளை வெளியிடுகிறது. உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்வது மட்டுமே உணர்நரம்பின் வேலை என்று நாம் நினைத்திருப்போம். தோலின் இரத்தக்குழாய்களில் அவற்றுக்கான ஏற்பிகள் இருப்பதால் அதே நரம்பு அந்த இடத்திலேயே செயலும் ஆற்றுகிறது. சப்ஸ்டன்ஸ் பி-யோ அருகிலுள்ள மாஸ்ட் செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்களையும் தூண்டி ஹிஸ்டமைனை வெளியேற்ற வல்லது. அந்தச் செல்களில் அது பயன்படுத்துவது என்.கே.1 ஏற்பியை மட்டுமன்று, எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்.2 என்னும் வேறு குடும்பத்து ஏற்பி மனித மாஸ்ட் செல்களில் இதற்கு முக்கியமான வழியாக இருக்கிறது.

செம்மையைப் பரப்புவதில் பெரும்பங்கு சி.ஜி.ஆர்.பி. என்னும் 37 அமினோ அமிலப் பெப்டைடுக்கு உரியது. இரத்தக்குழாயை விரிப்பதில் மிக ஆற்றல் வாய்ந்த பொருள்களுள் ஒன்று அது. அதன் ஏற்பி ஒரு விசித்திரமான அமைப்புடையது. என் பார்வையில் இந்தத் துறை முழுவதிலும் தொடக்கநிலை வாசகர் தவறாமல் தெரிந்துகொள்ள வேண்டிய அமைப்பு இதுதான். சி.எல்.ஆர். என்னும் ஏழுமடிப்புப் புரதம் தனியாக இருந்தால் சி.ஜி.ஆர்.பி.-யை அடையாளம் காணாது. ராம்ப்1 என்னும் சிறு துணைப்புரதம் அதோடு சேரும்போதுதான் சி.ஜி.ஆர்.பி. ஏற்பி உருவாகிறது. அதே சி.எல்.ஆர். ராம்ப்2 அல்லது ராம்ப்3 உடன் சேர்ந்தால், அது அட்ரினோமெடுலின் என்னும் வேறொரு பெப்டைடுக்கான ஏற்பியாகிவிடுகிறது. 1998-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு, ஒரு திசுவில் சி.எல்.ஆர். இருக்கிறதா என்று கேட்பது மட்டும் போதாமல் போயிற்று. அதே செல்லில் எந்தத் துணைப்புரதம் உடன் இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும்.

சி.ஜி.ஆர்.பி. ஏற்பிகள் மூளையின் உறைகளில் ஓடும் இரத்தக்குழாய்களிலும், முகத்துக்கும் தலைக்கும் உணர்வு தரும் முப்பெருநரம்பின் செல் உடல்கள் திரண்ட முடிச்சிலும் இருக்கின்றன. இரத்தத்திலுள்ள பல பொருள்களை மூளைக்குள் விடாத இரத்த–மூளைத் தடுப்புக்கு வெளியே அமைந்தது அந்த முடிச்சு. ஒற்றைத் தலைவலியைத் தடுக்க 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து இந்த ஏற்பியின் மேலேயே போய் ஒட்டுகிறது. அளவில் மிகப் பெரிய மூலக்கூறு என்பதால் அது மூளைக்குள் நுழைவது மிகமிகக் குறைவு. தலைக்குள் உணரப்படும் நோய் ஒன்றுக்கு, மூளைக்கு வெளியே இருக்கும் ஏற்பிகளை அடைத்தாலே பலன் கிடைக்கிறது என்பது, புறத்திசு ஏற்பிகளை மூளை ஏற்பிகளின் வெறும் நகல்களாக நினைப்பவர்களை நிறுத்தி யோசிக்க வைக்கும் செய்தி.

நரம்புப் பெப்டைடு ஏற்பிகள் மிக வளமாகக் கிடைக்கும் புறத்திசு எது என்று கேட்டால் தயங்காமல் குடல் என்று சொல்லலாம். குடற்சுவருக்குள் தனக்கென ஒரு முழு நரம்பு மண்டலமே இருப்பதால் இதில் வியப்பில்லை. மார்ஃபின் போன்ற பொருள்கள் பொருந்தும் ஓப்பியாய்டு ஏற்பிகளின் கதையே குடலோடு பிணைந்தது. 1975-இல் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின் என்னும், ஐந்தே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடுகளைப் பிரித்தெடுத்தபோது, சாற்றில் அந்தப் பொருள் இருக்கிறதா என்று அவர்கள் சோதித்தறிந்தது கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டையும் சுண்டெலியின் விந்துநாளத்தையும் கொண்டுதான். மின்தூண்டலால் துடிக்கும் அந்தத் திசுக்கள், ஓப்பியாய்டு பட்டதும் அடங்கின. மூளையின் இயற்கையான வலிநிவாரணியைக் கண்டுபிடித்துத் தந்தவை மூளைக்கு வெளியே இருந்த ஏற்பிகள்.

குடலின் நரம்புப் பின்னல்களில் உள்ள மியூ என்னும் வகை ஓப்பியாய்டு ஏற்பிகள் அசிட்டைல்கோலின் வெளியீட்டைக் குறைக்கின்றன; உள்ளடக்கத்தை முன்னோக்கித் தள்ளும் அலைகள் தளர்கின்றன, நீர்ச் சுரப்பும் குறைகிறது. மார்ஃபின் எடுத்துக்கொள்பவர்களுக்கு மலச்சிக்கல் வருவது இதனால்தான். இதையே நன்மையாக மாற்றியது லோப்பரமைடு என்னும் வயிற்றுப்போக்கு மருந்து. அதுவும் மியூ ஏற்பியைத் தூண்டும் பொருளே. ஆனால் இரத்த–மூளைத் தடுப்பிலுள்ள ஒரு வெளியேற்றும் புரதம் அதை உள்ளே விடாமல் திருப்பி அனுப்புவதால், உரிய அளவில் எடுத்துக்கொண்டால் குடலோடு நின்றுவிடுகிறது. எதிர்த்திசையிலும் இதே உத்தி பயன்பட்டது: 2008-இல் அனுமதி பெற்ற மெத்தில்நால்ட்ரெக்சோன் மூளைக்குள் எளிதில் புகாத ஓப்பியாய்டு தடுப்பி என்பதால், வலி நிவாரணத்தைக் கெடுக்காமல் மலச்சிக்கலை மட்டும் நீக்குகிறது.

வி.ஐ.பி. என்னும் 28 அமினோ அமிலப் பெப்டைடு பன்றியின் முன்சிறுகுடலிலிருந்து 1970-இல் சமி சையித், விக்டர் மட் ஆகியோரால் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு வி.பி.ஏ.சி.1, வி.பி.ஏ.சி.2 என இரண்டு ஏற்பிகள். இரண்டும் சைக்ளிக் ஏ.எம்.பி.-யைப் பெருக்குபவை. உணவுக்குழாயின் அடிச்சுருக்குத்தசை போன்ற இடங்களில் அதன் விளைவு தளர்வு, குடலின் உட்பூச்சுச் செல்களில் நீரும் உப்பும் வெளியேறுவது, மூச்சுக்குழலில் விரிவு. கணையக் கட்டி ஒன்று இந்தப் பெப்டைடை அளவில்லாமல் சுரந்தால் என்ன ஆகும் என்பதை 1958-இல் வெர்னரும் மாரிசனும் விவரித்த நோய் காட்டுகிறது: கட்டுக்கடங்காத நீர்த்த வயிற்றுப்போக்கும் பொட்டாசியக் குறைவும். கட்டி இருப்பது கணையத்தில். ஏற்பிகள் நிறைந்திருப்பது குடல் உட்பூச்சில். நோய் தன்னைக் காட்டுவது ஏற்பி இருக்கும் இடத்தில். கோலிசிஸ்டோகைனின் என்னும் பெப்டைடின் முதல்வகை ஏற்பி பித்தப்பையின் தசையில் இருந்து அதைச் சுருக்குகிறது. அதே ஏற்பி, மூளையை உள்ளுறுப்புகளோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் உணர்விழைகளில் இருந்து வயிறு நிறைந்த செய்தியை மேலே அனுப்புகிறது. ஏற்பிகள் உறுப்பின் செல்களில் மட்டுமின்றி, அந்த உறுப்பிலிருந்து புறப்படும் நரம்பிழைகளிலும் இருக்கலாம் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

நரம்பின் மேலேயே ஏற்பி இருப்பதற்கு இன்னொரு வகையும் உண்டு. உடலை நெருக்கடிக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் நார்அட்ரினலினோடு சேர்த்து நியூரோபெப்டைடு ஒய் என்பதையும் வெளியிடுகின்றன. 1982-இல் டாடெமோட்டோ பன்றி மூளையிலிருந்து பிரித்த 36 அமினோ அமிலப் பெப்டைடு அது. இரத்தக்குழாய்த் தசையில் உள்ள ஒய்1 ஏற்பி குழாயைச் சுருக்குகிறது. நரம்பு முனையிலேயே உள்ள ஒய்2 ஏற்பியோ மேற்கொண்டு நார்அட்ரினலின் வெளிவராமல் கட்டுப்படுத்துகிறது. இதயத்தில், பரிவு நரம்பு வெளியிட்ட அதே பெப்டைடு அருகிலுள்ள வேகஸ் முனைகளின் ஒய்2 ஏற்பியில் பொருந்தி, இதயத்தை நிதானப்படுத்தும் அசிட்டைல்கோலினின் வெளியீட்டையும் தடுக்கிறது.

வாசோபிரெசினும் ஆக்சிடோசினும் ஹைப்போதலாமஸ் நரம்புச் செல்களில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியில் இரத்தத்துக்குள் நேராகக் கொட்டப்படுபவை. இரண்டும் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்டவை. இவை இரத்தத்தின் வழியே உடலெங்கும் போவதால், யார் கேட்க வேண்டும் என்பதை முழுக்க முழுக்க ஏற்பியே முடிவு செய்கிறது. வாசோபிரெசினின் வி1ஏ ஏற்பி இரத்தக்குழாய்த் தசையிலும் கல்லீரலிலும் இருக்கிறது. வி1பி பிட்யூட்டரியின் முன்பகுதியில். வி2 சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளத்தில்: அங்கே இரத்தத்தை நோக்கிய பக்கத்துச் சவ்வில் வாசோபிரெசின் பொருந்தியதும், செல்லின் எதிர்ப்பக்கச் சவ்வுக்கு அக்வாபோரின்-2 என்னும் நீர்வாய்ப் புரதங்கள் நகர்த்தப்பட்டு, சிறுநீரிலிருந்து நீர் உடலுக்குள் மீட்கப்படுகிறது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள வி2 ஏற்பியின் மரபணு பழுதானால், இரத்தத்தில் வாசோபிரெசின் போதிய அளவு இருந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. நீர்த்த சிறுநீர் ஏராளமாக வெளியேறுகிறது. பெரும்பாலும் வி2-க்கே பொருந்துமாறு செய்யப்பட்ட டெஸ்மோபிரெசின் என்னும் மருந்தை இரத்தம் எளிதில் உறையாத லேசான ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளுக்கும் கொடுப்பதைப் பார்த்துச் சிலர் குழம்பலாம். எண்டோதீலியத்திலும் வி2 ஏற்பி உண்டு; அது தூண்டப்பட்டால் இரத்தம் உறைய உதவும் காரணிகள் சேமிப்பிலிருந்து வெளிவருகின்றன.

ஏற்பிகளின் வரைபடம் நிலையானதன்று என்பதற்கு ஆக்சிடோசின் சாட்சி. கருப்பைத் தசையில் அதன் ஏற்பிகள் கர்ப்பத்தின் பெரும்பகுதியிலும் குறைவாகவே இருந்து, பிரசவம் நெருங்கும்போது பல மடங்கு பெருகுகின்றன. முன்பு பெரிதாகப் பொருட்படுத்தப்படாத அளவு ஆக்சிடோசினுக்கு இப்போது கருப்பை வலுவாகச் சுருங்குகிறது. மார்பில், பால் சுரக்கும் செல்களைச் சூழ்ந்திருக்கும் சுருங்கும் செல்களில் அதே ஏற்பி இருந்து பாலை வெளித்தள்ளுகிறது.

ஏ.சி.டி.எச். என்னும் பிட்யூட்டரி ஹார்மோனும் அதன் உறவுப் பெப்டைடுகளும் பொருந்தும் மெலனோகார்டின் ஏற்பிகள் ஐந்து. அவற்றுள் இரண்டாவது, அட்ரீனல் புறணியில் ஏ.சி.டி.எச். ஹார்மோனை மட்டும் ஏற்றுக் கார்டிசாலைச் சுரக்க வைக்கிறது. முதலாவது தோலின் நிறமிச் செல்களில் இருந்து கருநிறமியைக் கூட்டுகிறது. அட்ரீனல் புறணி அழிந்துபோகும் அடிசன் நோயில், கார்டிசால் குறைந்ததால் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.-ஐ மிகுதியாகச் சுரக்கிறது. அது நிறமிச் செல்களின் முதல் ஏற்பியிலும் பொருந்துவதால் தோல் கருக்கிறது. சுரப்பியின் நோயைத் தோலில் படிக்க முடிவது இந்த ஏற்பிப் பங்கீட்டின் விளைவு.

நோய் எதிர்ப்புச் செல்களிலும் இந்த ஏற்பிகள் உண்டு. டி செல்களில் வி.ஐ.பி. ஏற்பியும் மேக்ரோஃபேஜ்களில் சப்ஸ்டன்ஸ் பி ஏற்பியும் நன்கு அறியப்பட்டவை. எலும்பை உருவாக்கும் செல்களில் ஒய்1 இருக்கிறது. இவற்றின் விவரங்களுக்குள் போனால் கட்டுரை நீண்டுவிடும்.

இவை இன்ன இடத்தில் இருக்கின்றன என்று எப்படிச் சொல்கிறார்கள்? பழைய முறையில், கதிரியக்க அயோடின் ஏற்றிய பெப்டைடை மெல்லிய திசுச் சீவலின் மேல் ஊற்றி, ஒட்டாததைக் கழுவி, ஒட்டியது எங்கே என்று படப்பிலிமில் பதிவு செய்தார்கள். பெப்டைடு உண்மையிலேயே பொருந்தும் இடத்தை இது காட்டும். ஆனால் எந்தத் தனிச்செல் என்று பிரித்துச் சொல்லும் கூர்மை அதற்குக் குறைவு. ஏற்பிக்கான தூது ஆர்.என்.ஏ.-வைத் தேடும் முறைகள், இன்று தனிச்செல் அளவில் செய்யப்படும் ஆய்வுகள் உட்பட, எந்தச் செல் அந்த ஏற்பியைத் தயாரிக்கிறது என்பதைத் துல்லியமாகச் சொல்கின்றன. நரம்புச் செல்லைப் பொறுத்தவரை இதில் ஒரு பொறி உண்டு: தூது ஆர்.என்.ஏ. முடிச்சில் இருக்கும் செல் உடலில் தென்படும். ஏற்பியோ வெகுதொலைவில் தோலிலோ குடலிலோ உள்ள இழைமுனையில் வேலை செய்துகொண்டிருக்கும். எதிர்ப்பொருள் கொண்டு புரதத்தையே சாயமேற்றிக் காட்டும் முறை பார்க்க அழகான படங்களைத் தருகிறது. ஆனால் இந்த ஏற்பிக் குடும்பத்துக்கு விற்கப்படும் எதிர்ப்பொருள்களில் பல, அந்த ஏற்பியின் மரபணு நீக்கப்பட்ட விலங்கின் திசுவிலும் அதே சாயத்தைக் காட்டியிருக்கின்றன. அத்தகைய ஒப்பீடு இல்லாத வண்ணப்படத்தை மட்டும் நம்பி ஒரு ஏற்பியின் இருப்பிடத்தை ஏற்றுக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

விலங்கின் வரைபடம் அப்படியே மனிதனுக்குப் பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1991-இல் அறிவிக்கப்பட்ட, பெப்டைடு அல்லாத முதல் என்.கே.1 தடுப்பி மனிதனின் ஏற்பியிலும் கினிப்பன்றியின் ஏற்பியிலும் இறுக்கமாகப் பொருந்தியது. ஆய்வக எலியின் ஏற்பியில் மிகப் பலவீனமாகவே பொருந்தியது.

உயிரோடிருக்கும் மனிதரிடமே ஏற்பி வரைபடத்தை நேரில் எடுக்க முடிவது சோமாட்டோஸ்டாட்டின் விஷயத்தில். 1973-இல் ரோஜர் கில்லமினின் ஆய்வகத்தில் ஹைப்போதலாமஸிலிருந்து பிரிக்கப்பட்ட, 14 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தப் பெப்டைடுக்கு ஐந்து ஏற்பிகள் உண்டு. பிட்யூட்டரி, கணையத் தீவுகள், இரைப்பை, குடல் எனச் சுரப்பு நடக்கும் இடங்களில் அவை பெரும்பாலும் அடக்கும் வேலையைச் செய்கின்றன. இயற்கைப் பெப்டைடு இரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும் என்பதால், நீண்ட நேரம் நிற்கும் ஆக்ட்ரியோடைடு போன்ற மாற்றுருக்கள் உருவாக்கப்பட்டன. கணையத்திலும் குடலிலும் தோன்றும் நரம்புச்சுரப்புக் கட்டிகள் பலவற்றின் செல்களில் இரண்டாம் வகை ஏற்பி மிகுதியாக இருக்கிறது. காலியம்-68 ஏற்றிய மாற்றுருவை ஊசிமூலம் செலுத்திப் பாசிட்ரான் படக்கருவியில் பார்த்தால், கட்டி பரவிய இடங்கள் ஒளிரும். மண்ணீரலும் சிறுநீரகமும் பிட்யூட்டரியும்கூட ஒளிரும்: மண்ணீரலிலும் பிட்யூட்டரியிலும் ஏற்பிகள் இயல்பாகவே உண்டு, சிறுநீரகத்தின் ஒளிர்வுக்குப் பெரும்பாலும் மருந்து அதன் வழியே வெளியேறுவது காரணம். அந்த இயல்பான ஒளிர்வு எது, நோயின் ஒளிர்வு எது என்று பிரித்தறிந்த பிறகே, காலியத்துக்குப் பதிலாக லூட்டீஷியம்-177 ஏற்றிய அதே வகை மூலக்கூறைக் கொண்டு கட்டிக்குக் கதிரியக்கச் சிகிச்சை தரலாமா என்று மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். அந்தச் சிகிச்சை 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.